பலா வாடை அடித்த ஏழாம் நம்பர் டேங்க்

போன மாதம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்காக நெய்வேலிக்கு வந்த கலைவாணி, மண்டபத்தில் பந்தி முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பீர் ஆலை ஆய்வகத்தில் பதினெட்டு வருடம் என்னிடம் வேலை பார்த்தவள். இப்போது பெங்களூரில், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் ஒரு பெரிய ஓட்டலில் ப்ரூமாஸ்டர். அதாவது, பீர் காய்ச்சும் பிரிவுக்கே தலைவி. எனக்குக் கிடைக்காத பதவி அது. அவளுக்குக் கிடைத்ததில் எனக்குப் பெருமைதான்.

போனை நீட்டி ஒரு படம் காட்டினாள். உயரமான கண்ணாடி டம்ளர், கலங்கலான மஞ்சள் நிறம், மேலே நான்கு விரற்கடை நுரை, விளிம்பில் ஒரு ஆரஞ்சுத் துண்டு.

"மேடம், எங்க கடையில அதிகமா போறது இதுதான். கோதுமை பீர். நீங்க அன்னிக்குச் சாக்கடையில ஊத்துனீங்களே, அதே வாசனை. இப்ப அதத்தான் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறாங்க."

"அதுல ஆரஞ்சு சொருகச் சொன்னது யாரு?" என்றேன்.

"சும்மா அழகுக்கு மேடம்."

"ஆரஞ்சு பெல்ஜியத்துக்காரன் கோதுமை பீருக்கு. வாழப்பழ வாசனை ஜெர்மன்காரன் கோதுமை பீருக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத."

சிரித்தாள். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவளிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு என் கதையை அடிக்கடி சொல்வாளாம். ஒரு டேங்க் பீரை ஒரே ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு 'இது ஆகாது' என்று சொன்ன நெய்வேலிப் பெண்ணின் கதை. "நீங்களே எழுதிக் குடுங்க மேடம், ஃப்ரேம் போட்டு மாட்டறேன்" என்றாள்.

அந்தக் கதை தப்பு. ஒரே முகர்வில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த டேங்க் நல்ல பீர் என்று முதலில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். ஃப்ரேம் போடுவதென்றால் நடந்ததைப் போடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே பழுப்பு நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தார். பதினோரு வருடம் காண்ட்ராக்டில் இருந்துவிட்டுப் பிறகு பெர்மனன்ட் ஆனவர். நெய்வேலியில் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது ஊர், சாதி, குலம் எல்லாம் பிறகுதான் வரும். முதல் கேள்வி, "பெர்மனன்ட்டா, காண்ட்ராக்ட்டா?" பெண் பார்க்க வருகிற இடத்திலும் அதுதான் கேள்வி. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வீடுகளில் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீடும் அதில் ஒன்று.

வேதியியல் படித்தேன். ஒரு சாயப்பட்டறையில் தண்ணீர் சோதிக்கிற வேலை கொஞ்ச நாள். பிறகு கல்யாணம். கணவர் மாணிக்கம் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக், அவரும் பெர்மனன்ட். அதற்கப்புறம், கடலூரைத் தாண்டிப் புதுச்சேரி போகிற சாலையில் இருந்த ஒரு பீர் ஆலையில் ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது. ஒரு வருடம் ப்ரொபேஷன், அதற்குப் பிறகு பெர்மனன்ட் என்று ஆர்டரில் இருந்தது. அந்த ஆலை இன்று இல்லை. அதனால் பெயரும் வேண்டாம்.

காலை ஐந்தே முக்காலுக்கு டவுன்ஷிப்பில் பஸ் ஏறிப் பண்ருட்டியில் இறங்குவேன். அங்கிருந்து ஆலையின் சொந்த பஸ், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போகும். அதை ஓட்டியவர் சாதிக் பாய். பண்ருட்டிக்காரர், அவருடைய அண்ணன் பலாப்பழ மண்டி வைத்திருந்தார். ஆலையில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள்தான். பண்ருட்டி, காடாம்புலியூர், சுற்றுவட்டக் கிராமங்கள். நான் மட்டும்தான் ஆய்வகத்துக்குப் போகிற பெண்.

என் வேலையில் பாதி கண்ணாடிக் குழாய்களோடு. மீதிப் பாதி ருசி பார்ப்பது. டவுன்ஷிப்பில் இதைப் பாதியும் கேட்காமல் முழுதாகப் பரப்பிவிட்டார்கள். "மாணிக்கம் பொண்டாட்டி தெனம் பீர் குடிக்குதாம், அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாம்!" கோயிலில் என்னைப் பார்த்ததும் தள்ளி நின்று ஒருத்தி மூச்சை இழுத்துப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. என் கணவர் இதையெல்லாம் சட்டை செய்யாதவர். யாராவது கிண்டலாகக் கேட்டால், "நான் கைய வெச்சிச் சம்பாதிக்கறேன், அவ மூக்க வெச்சிச் சம்பாதிக்கறா, உனக்கென்னா?" என்பார்.

ருசி பார்ப்பதை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு டேங்க் பீர் பாட்டிலில் அடைக்கத் தயார் என்றால் அதற்கு முந்தைய நாள் காலை பதினொரு மணிக்குப் பேனல் கூடும். ஆறு பேர். வெள்ளைச் சுவர், ஜன்னல் மூடியிருக்கும், மின்விசிறி ஓடாது. ஒவ்வொருவர் முன்னாலும் அரை டம்ளர் பீர், மேலே கண்ணாடித் தட்டால் மூடி. தட்டை விலக்கி முதலில் குட்டையாக இரண்டு முறை முகர வேண்டும். நீட்டி இழுத்தால் மூக்கு களைத்துப் போகும். பிறகு ஒரு வாய். அதைத் துப்பக் கூடாது, விழுங்க வேண்டும், கசப்பு தெரிவது அடிநாக்கில்தான். மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் தாளில் எழுத வேண்டும்.

அறைக்கு வெளியே ஒரு அட்டை தொங்கும். டீ, காப்பி, வெற்றிலை, பூண்டு, வெங்காயம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பவுடர் கூடாது, செண்ட் கூடாது, வாசனைத் தைலம் கூடாது. நான் சேர்ந்தபோது கீழே இன்னொரு வரி கையால் எழுதிச் சேர்த்தார்கள், 'பூ கூடாது'. கல்யாணம் ஆன புதிதில் தினமும் வெறுந்தலையோடு வேலைக்குப் போனேன். மாமியார் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் பண்ருட்டி பஸ் நிலையத்தில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். காலையிலும் பூவோடு போன மருமகள் மாதிரி எங்கள் வீதியில் இறங்கிவிடுவேன்.

பேனலுக்குத் தலைவர் எங்கள் ப்ரூமாஸ்டர் தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு ஸ்கேல். ஜெர்மனியில் சில மாதம் பயிற்சி எடுத்தவர், ஆனால் அதை வாயெடுத்துச் சொல்ல மாட்டார். கூட்டிப் பெருக்குகிறவர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்" என்று ஒருவரிடம் சொன்னார் என்றால் அந்த ஆள் அன்றைக்குத் தொலைந்தான் என்று அர்த்தம். பாராட்டு என்பது அவர் வாயில் கிடையாது. பீர் சரி என்றால் தாளில் கையெழுத்து, சரியில்லை என்றால் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். தன் டம்ளரைத் தானே கழுவுவார். அந்தத் தாளில் அவருடைய கையெழுத்துதான் கடைசிக் கட்டம். அது விழுந்தால்தான் பாட்டில் அடைக்கும் பிரிவு குழாயைத் திறக்கும்.

நாங்கள் காய்ச்சியது லாகர். இந்த நாட்டில் பீர் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற, தெளிந்த மஞ்சள் நிறப் பீர். அதன் குணமே குளிர்தான். ஈஸ்டைப் போட்டுப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் ஏறாமல் நொதிக்க விட்டு, பிறகு உறைகிற நிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடப்பில் போட வேண்டும். குளிரில் ஈஸ்ட் அடக்கமாக வேலை செய்யும். சூடு ஏறினால் அதற்குக் கொண்டாட்டம், பழ வாசனைகளை உண்டாக்கித் தள்ளிவிடும். அதில் முதலாவது, பழுத்த வாழைப்பழத்தில் இருக்கிற அதே வாசனை. பலாச்சுளையிலும் அதே சரக்கு உண்டு.

நடந்தது ஒரு ஆனி மாதம். என் ப்ரொபேஷன் முடியப் பத்து நாள் இருந்தது. பெர்மனன்ட் ஆனதும் ப்ளாக் முழுக்க லட்டு கொடுக்க வேண்டும் என்று அப்பா அளவு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் சீசனில் தேறுகிற நல்ல பழமாகப் பார்த்து சாதிக் பாய் தன் அண்ணன் மண்டியிலிருந்து ஒன்று எடுத்து வந்து ஆய்வகத்துக்குக் கொடுப்பார். அன்றைக்குக் காடாம்புலியூர் பழம், இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பக்கத்து அறையில் கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவி அறுத்தோம். பத்து மணிக்குச் சுளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. தேவசகாயம் சார் இரண்டு சுளை எடுத்துக்கொண்டார். நான் எத்தனை தின்றேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு ஏழாம் நம்பர் டேங்குக்குப் பேனல். ஆறு பேரும் முகர்ந்தோம், குடித்தோம், எழுதினோம். ஆறு தாளிலும் 'சுத்தம், குறையில்லை'. நான் தொகுத்துக் கையெழுத்துப் போட்டேன், சார் கடைசிக் கட்டத்தில் போட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாட்டில் அடைக்க உத்தரவு போனது.

நான்கு மணிக்கு டம்ளர் கழுவக் காசியம்மாள் வந்தது. ஆய்வகத்தைத் துப்புரவு செய்கிற அம்மா. அன்றைக்கு அதற்குக் கிருத்திகை விரதம், பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. நான் மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கழுவும் தொட்டியிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, பழத்த இந்த டம்ளருலயா போட்டுத் தின்னீங்க?"

"இல்லியே. ஏன்?"

"கழுவிகினே இருக்கறேன், பலா வாட போவ மாட்டேங்குது. இந்தா, இதுல கொட்டாம வெச்சிருந்தீங்களே மிச்சம், அதுலதாம்மா அடிக்குது."

எழுந்து போய் முகர்ந்தேன். பீர் குளிர் விட்டு அறைச் சூட்டுக்கு வந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "உங்க கையில இருக்கும்" என்றேன்.

"நான் தொடவே இல்லியேம்மா, விரதம்னு சொன்னன்ல?"

வெளியே போய், மரத்தடியில் கால் மணி நேரம் நின்றேன். முகம், கை, வாய் எல்லாம் திரும்பத் திரும்பக் கழுவினேன். உள்ளே வந்து குட்டையாக ஒரு முறை முகர்ந்தேன். மங்கலாக, ஆனால் நிச்சயமாக, பழுத்த சுளை.

அட்டையில் வெங்காயம் இருந்தது, பூண்டு இருந்தது, எனக்காகப் பூவும் ஏறியிருந்தது. பலாப்பழம் இல்லை. அந்தப் பட்டியலின் மூலம் ஜெர்மனியிலிருந்து வந்தது, அங்கே பலா மரம் ஏது! நாங்களும் யோசிக்கவில்லை. ஆனி மாதத்தில் பண்ருட்டிப் பக்கம் பஸ் சீட்டு, சட்டை, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாடைதான். அதை ஒரு வாசனை என்றே நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் வயிறு முட்டத் தின்றுவிட்டு அதே வாசனையைப் பீரில் தேடியிருக்கிறோம். மூக்கு அதற்கு எப்போதோ பழகிப்போய்விட்டது. பீர் ருசி பார்க்கிறவர்களில் உலகத்தில் வேறு எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

டேங்கின் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து வாரத்துக்கு முன், கத்திரி வெயிலில், நொதித்த நாட்கள். வெப்பம் தினமும் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. ஆனால் சர்க்கரை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு நாள் முன்னதாகவே இறங்கியிருந்தது. அதைப் பார்த்து அப்போது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஏழாம் நம்பருக்கு மாற்றும் முன் இந்தப் பீர் நொதித்த, இப்போது காலியாக நிற்கும் டேங்கிடம் போய் வெப்பமானியைத் தட்டினேன். முள் அசையவே இல்லை. அது பன்னிரண்டிலேயே சிக்கிக்கொண்டு கிடந்தது. கத்திரி வெயிலில் உள்ளே சூடேறி ஈஸ்ட் வேகமாக வேலை செய்திருக்கிறது, தாளில் மட்டும் பன்னிரண்டு.

பஸ் ஐந்தரைக்கு. நான் பேசாமல் ஏறியிருந்தால் காலையில் பீர் பாட்டிலுக்குள் போயிருக்கும். பத்து நாளில் பெர்மனன்ட், ப்ளாக் முழுக்க லட்டு. சொன்னால், காலையில் கையெழுத்துப் போட்ட நானே சாயங்காலம் அதை மறுக்கிறேன் என்று ஆகும். ஏற்கெனவே 'பொம்பள மூக்கு' என்று பின்னால் பேசுகிறவர்கள் உண்டு. பயந்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

முழுவதையும் சொன்னேன். அவர் டம்ளரை முகர்ந்தார். தொலைபேசியை எடுத்துக் காலைப் பாட்டில் வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு இப்பவும் தெரியலீங்க. எம் மூக்கும் ரெண்டு சுளை சாப்பிட்டுச்சே. நாளைக்குப் பாக்கலாம். பேனல்ல இருக்கற யாரும் அதுவரைக்கும் பழம் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க."

மறுநாள் அவர் வைத்தது மூன்று டம்ளர் சோதனை. ஆளுக்கு மூன்று டம்ளர், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஏழாம் நம்பரும் அதற்கு முந்தைய நல்ல டேங்கும். டம்ளர்களை அடுக்கியது காசியம்மாள், எதில் எது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். ஆறு பேரும் தனித்தனியாக உள்ளே போய் வந்தோம். ஆறு தாளும் சரியான டம்ளரையே காட்டின. காரணம் எழுதும் இடத்தில் நான்கு பேர் பலாப்பழம் என்றும் இரண்டு பேர் வாழைப்பழம் என்றும் எழுதியிருந்தார்கள். தேவசகாயம் சார் எழுந்து, தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

விஷயம் ஆலையின் ஜெனரல் மேனேஜர், ஜி.எம். வரை போனது. சென்னைக்காரர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வெயிலுக்குப் பீர் நன்றாக விற்கிற ஆனி மாதத்தில் ஒரு டேங்க் பீரை இழக்க எந்த ஜி.எம்.முக்கும் மனம் வராது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுமா இது?"

"பண்ணாது சார்."

"அப்புறம் என்ன? குடிக்கிறவனுக்கு இது தெரியவா போகுது?"

"பண்ருட்டிக்காரங்களுக்குத் தெரியாது சார். விழுப்புரம் தாண்டினா தெரியும்."

சார் உதட்டை அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். ஜி.எம். சிரிக்கவில்லை. எங்கேயோ படித்ததை நினைவுபடுத்திக்கொண்டு கேட்டார், "ஜெர்மனியில வாழைப்பழ வாசனையோட ஒரு பீர் இருக்காமே மிஸ்டர் தேவசகாயம்? கோதுமை பீர்னு?"

"இருக்குங்க."

"அப்ப இத அப்படின்னு லேபிள் ஒட்டிடலாமே!"

"கோதுமையே போடலீங்களே சார்" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கலைவாணி, உன் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தேவசகாயம் சார் அன்றைக்கு அதைத்தான் செய்தார். ஜி.எம்.முக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அதே அமைதியான குரலில் சொன்னார். ஜெர்மனியின் பவேரியாவில் ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் பீர் என்றால் பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆனாலும் ஒரே ஒரு பிரபு குடும்பம் கோதுமை பீர் காய்ச்ச அனுமதி வாங்கி வைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் வாரிசு இல்லாமல் போனதும் உரிமையை ஆட்சியாளர்களே எடுத்துக்கொண்டு, ஊரில் வேறு யாரும் காய்ச்சக் கூடாது என்று வைத்து, கஜானாவை நிரப்பினார்கள். சட்டம் போட்டவர்களே சட்டத்துக்கு விலக்கும் வைத்துக்கொண்டார்கள். பிறகு குளிரில் காய்ச்சும் பீர் பெருகியது, கோதுமை பீரைக் கேட்பார் இல்லை. அரண்மனையே கைவிட்ட பிறகு, ஒரு சாதாரண பீர் காய்ச்சுகிறவர் அந்த உரிமையை வாங்கி அதைக் காப்பாற்றினார். அங்கே வாழைப்பழ வாசனை வருவது பழம் போட்டு அல்ல. அதற்கென்றே ஒரு ஈஸ்ட் உண்டு. அதைச் சூட்டில் நொதிக்க விடுவார்கள், அது வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த ஒரு வாசனையைக் கொடுக்கும். அந்த வாசனை வராவிட்டால் அங்கே டம்ளரைக் கவிழ்ப்பார்கள்.

"அவங்க வேணும்னு செய்யறாங்க" என்று முடித்தார். "நமக்குத் தெரியாம நடந்துபோச்சு. தெரியாம நடந்ததுக்குப் பேரு வெச்சு விக்கக் கூடாதுங்க."

ஜி.எம். நாற்காலியில் சாய்ந்தார். என் பக்கம் திரும்பினார்.

"நேத்துக் காலையில இது நல்ல பீர்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானேம்மா? உங்க ப்ரொபேஷன் என்னைக்கு முடியுது?"

"இன்னும் ஒன்பது நாள்ல சார்."

"நேத்துப் போட்ட கையெழுத்து அப்படியே இருக்கட்டும். அதுல யாருக்கும் நஷ்டமில்ல. உங்களுக்கும் இல்ல."

மேசைமேல் என் ஃபைல் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்பா நினைவுக்கு வந்தார். பதினோரு வருடம் நினைவுக்கு வந்தது. ஃபைலிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"நேத்துப் போட்டது தப்பு சார். அதக் கேன்சல் பண்ணி எழுதிக் குடுக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். தேவசகாயம் சாரும் தன் கையெழுத்தை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார்.

பீர் ஆலையில் ஒரு சொட்டைக் கொட்ட வேண்டும் என்றாலும் கலால் அதிகாரி முன்னால்தான் கொட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்து அவர் வந்து அளவு பார்த்து, சீல் உடைத்து, தாளில் எழுதிக்கொண்டார். வால்வைத் திறந்தார்கள். ஏழாம் நம்பர் டேங்க் முழுவதும் கழிவுநீர்த் தொட்டிக்கு ஓடியது. ஆனி வெயிலில் சூடேறி வாய்க்கால் நெடுக நுரை. வாசனை ஆலையின் வாசல்வரை பரவியது. பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த சாதிக் பாய் ஓடி வந்தார்.

"யாரும்மா பழம் அறுத்தது? எனக்கு ஒரு சுளை வெக்கலியே!"

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ப்ரொபேஷன் முடிகிற நாளன்று கடிதம் வந்தது. பரிசோதனையில் கவனக்குறைவாகத் தேர்ச்சி அளித்த காரணத்தால் ப்ரொபேஷன் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்க வேண்டியதை உண்மை சொன்னதற்காகப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஆத்திரமாக வந்தது. பண்ருட்டி வரை பஸ்ஸில் அழுதேன். பூ வாங்க மறந்துவிட்டேன். டவுன்ஷிப் பஸ் நிறுத்தத்தில் கணவர் ஸ்கூட்டரோடு நின்றார். கடிதத்தைத் தெரு விளக்கில் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மாமா பதினோரு வருசம் காண்ட்ராக்ட்ல கெடந்தாரு. நீ ஆறு மாசம் இருக்க மாட்டியா? வண்டில ஏறு."

அப்பா லட்டுக்குச் சொல்லி வைத்திருந்த கடைக்காரரிடம் போய்த் தள்ளிப்போட்டுவிட்டு வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ராஜினாமா எழுதலாமா என்ற எண்ணம் அதுவரை இருந்தது. அறைக்கு வெளியே அட்டையில் புதிதாக ஒரு வரி, தேவசகாயம் சாரின் கையெழுத்தில், 'பலாப்பழம் முந்தைய நாள் முதல் கூடாது'. பதினொரு மணிக்கு எட்டாம் நம்பர் டேங்குக்குப் பேனல். ஆறு பேரும் முகர்ந்தோம், குடித்தோம், எழுதினோம். நல்ல பீர்.

நான் தொகுத்துக் கையெழுத்துப் போட்டுத் தாளைச் சாரிடம் நகர்த்தினேன். அவர் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கமாக அங்கேயே தாளை எடுத்து ஆளிடம் கொடுத்துவிடுவார். அன்றைக்குக் கொடுக்கவில்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். தன் கட்டத்துக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளையில், மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். அதன் மேலே என் பெயரை எழுதினார். தாளைத் திருப்பி என்னிடம் நகர்த்தினார்.

"எனக்கப்புறம் இனிமே நீங்க போடுங்க. நீங்க போடலைன்னா என்னுது செல்லாது."

மற்ற நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட கையெழுத்துக் கோணலாக விழுந்தது. அவர் எழுந்து தன் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். பாட்டில் பிரிவுக்கு அன்றே சொல்லி அனுப்பினார், கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் குழாயைத் திறக்கக் கூடாதென்று. ஜி.எம்.முக்குத் தெரிந்ததா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கலைவாணி, உன் பிள்ளைகளிடம் இதைச் சொல். அந்த ஆறு மாதமும் நான் பெர்மனன்ட் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதமும், நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பாட்டில்கூட அந்த ஆலையை விட்டு வெளியே போகவில்லை.